கட்டிலுக்கு மேலே எந்தக் கடவுள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கிரேக்க ரோமானியக் கடவுள் கதைகளால் அலங்கரித்த சின்னச் சின்ன நகரத்து ஹோட்டல்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், உங்களில் பாதிப் பேர் அப்படி ஒன்றில் தங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள், மீதிப் பேர் அப்படி ஒன்றைத் திறக்கப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஹவுஸ்கீப்பிங் வேலையில் தலை நரைத்தவள் நான். சுவரில் இருக்கும் கடவுளைவிட அவர்மேல் படியும் தூசியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கே: மகளும் மருமகனும் கல்யாண நாளுக்கு மயாமியில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார்கள். வெர்சாச்சே என்ற ஆடை வடிவமைப்பாளர் வாழ்ந்த வீடாம். போட்டோ அனுப்பினாள். கேட்டில், தரையில், எங்கு பார்த்தாலும் தலையில் பாம்பு நெளியும் ஒரு பெண் முகம். பார்த்தவரைக் கல்லாக்கிவிடும் முகமாமே! நல்ல நாளும் அதுவுமாக அங்கே தங்கலாமா? – ஒரு தாய், கும்பகோணம்

ப: தாராளமாகத் தங்கட்டும், அம்மா. அந்த முகத்தின் பெயர் மெடூசா. வீட்டுக்கு வருகிறவரை அவள் ஒன்றும் செய்யமாட்டாள். அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் பொல்லாததை விரட்டத்தான் அவளை வாசலில் வைப்பது. கட்டி முடிக்காத வீட்டின் முன்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் நம் திருஷ்டி பொம்மைக்கு என்ன வேலையோ அதே வேலை. பழைய கிரேக்கச் சிற்பங்களில் மெடூசாவும் நாக்கைத் துருத்திக்கொண்டுதான் இருப்பாள். கோர்ஃபு தீவின் ஆர்டெமிஸ் கோயில் முகப்பில் கி.மு. 580 வாக்கில் செதுக்கப்பட்ட மெடூசா கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம். அந்தத் தீவின் அருங்காட்சியகத்தில் இன்றும் நின்று முழிக்கிறாள்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் அவள் அழகி. ஞான தேவதை மினர்வாவின் கோயிலுக்குள்ளேயே கடல் கடவுள் நெப்டியூன் அவளைக் கெடுத்தான். தண்டனை அவனுக்கு இல்லை, அவளுக்கு: கூந்தல் பாம்பாயிற்று. பிறகு பெர்சியஸ் என்ற வீரன் அவள் தலையை வெட்டினான். அந்தத் தலையை எடுத்துத் தன் மார்க்கவசத்தில் பதித்துக்கொண்டவள் அதே மினர்வா! இந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பாம்பின் மேல் பயம் வருவதில்லை, மினர்வா மேல் கோபம்தான் வரும்.

மகள் தங்கப் போகும் வீட்டின் பெயர் காசா காசுவரினா. மயாமி கடற்கரையில் ஓஷன் டிரைவ் என்ற சாலையில் இருக்கிறது. 1930-ல் கட்டியது. சாண்டோ டொமிங்கோவில் கொலம்பஸின் மகன் வாழ்ந்த மாளிகையைப் பார்த்துக் கட்டினார்கள். ஜியானி வெர்சாச்சே 1992-ல் வாங்கினார். பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலையும் வாங்கி இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தோட்டமும் நீச்சல் குளமும் போட்டார். குளம் முழுக்க மொசைக், நடுநடுவே தங்கம் ஏற்றிய சில்லுகள். இப்போது பத்தே சூட் கொண்ட ஹோட்டல்.

இதுமாதிரி அலங்காரத்தைக் கண்டால் பொதுவாக எனக்குச் சிரிப்புதான் வரும். இந்த வீட்டில் வராததற்குக் காரணம் இருக்கிறது. வெர்சாச்சே பிறந்தது இத்தாலியின் தென்கோடியில், ரெஜியோ கலாப்ரியா என்ற ஊரில். அது கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் வந்து குடியேறிய ஊர். சின்ன வயதில் இடிபாடுகளுக்கு நடுவே விளையாடும்போது பார்த்த மெடூசா முகத்தைத்தான் பிற்பாடு தன் நிறுவனத்தின் சின்னமாக வைத்துக்கொண்டார் என்பார்கள். தான் வளர்ந்த தெருவில் கிடந்ததைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலங்காரம் அளவுக்கு மீறித்தான் இருக்கிறது, ஆனால் கடன் வாங்கியது இல்லை.

இன்னொன்றையும் மகள் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். 1997 ஜூலை 15 காலையில் அந்த வீட்டின் வாசல் படியில்தான் வெர்சாச்சே சுட்டுக் கொல்லப்பட்டார். காவல் முகம் அவ்வளவு இருந்தும் ஏன் என்று கேட்காதீர்கள், அதற்கு ஹவுஸ்கீப்பிங்கில் பதில் கிடையாது. பகல் முழுக்க அந்தப் படியில் யாராவது நின்று படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதற்குக் கூச்சப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். அறைக்குப் பணம் கட்டியவர்கள் அவர்கள்தானே.

கே: ஜீயஸ் பெரியவரா, ஜூபிடர் பெரியவரா? – பள்ளி மாணவர், திண்டுக்கல்

ப: ஒரே ஆள், இரண்டு முகவரி, தம்பி. கடவுள்களின் ராஜா கிரேக்கத்தில் ஜீயஸ், ரோமில் ஜூபிடர். ஹோட்டல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு தாழ்வாரத்தில் 'ஜீயஸ்' அறை, எதிரில் 'வீனஸ்' அறை என்று பலகை மாட்டாதீர்கள். காதல் தேவதைக்கும் அப்படித்தான் இரண்டு பெயர்: ஜீயஸ் என்றால் பக்கத்தில் அஃப்ரோடைட்டி, ஜூபிடர் என்றால் வீனஸ். பெரிய கடவுள்களில் பெயர் மாற்றிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிறவர் அப்போலோ ஒருவர்தான்.

கே: ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறேன். தீம் ஹோட்டல் என்ற யோசனையே லாஸ் வேகாஸில் பிறந்தது என்று எங்கள் பாடத்தில் வருகிறது. உண்மையா மேடம்? – மாணவி, கோயம்புத்தூர்

ப: லாஸ் வேகாஸில் பிரம்மாண்டமானது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஜே சார்னோ என்பவர் 1966 ஆகஸ்ட் 5-ல் அங்கே சீசர்ஸ் பேலஸைத் திறந்தார். தூண், நீரூற்று, வெள்ளைச் சிலை, ரோமானிய உடை மாதிரி தைத்த சீருடையில் பரிமாறும் பெண்கள். வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் சீசர்தான் என்பது அவர் வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 1992-ல் அதே வளாகத்தில் வந்த கடைவீதியின் உட்கூரையில் வானத்தையே வரைந்து, விடிவதும் இருட்டுவதுமாக விளக்குப் போட்டார்கள்.

பிறந்த இடம் என்று கேட்டால் நான் உங்களைப் பாம்பேய்க்கு அழைத்துக்கொண்டு போவேன். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய ஊர். அங்கே ஆம்ஃபிதியேட்டர் பக்கம் யூக்சினுஸ் என்பவர் நடத்திய மதுக்கடை ஒன்று உண்டு. அதன் வெளிச்சுவரில் ஃபீனிக்ஸ் பறவை வரைந்திருந்தது, கூடவே மயில்கள். கீழே ஒரு வரி: ஃபீனிக்ஸுக்கு யோகம், உனக்கும் அப்படியே ஆகட்டும். செத்துச் செத்துப் பிழைக்கும் பறவையைக் குடிக்க வருகிறவனுக்குக் காட்டிய அந்த முதலாளியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! ஆனால் அவருக்கே அந்த யோகம் வாய்க்கவில்லை.

அதே ஊரில் யானை படம் போட்ட இன்னொரு விடுதி. சித்தியுஸ் என்பவர் அந்த யானையைப் புதுப்பித்தார் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. மூன்று சாய்விருக்கை கொண்ட விருந்து அறையும் மற்ற வசதிகளும் வாடகைக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறது. பிரான்ஸில் லியோன் நகரில் கிடைத்த ரோமானியக் கல்வெட்டு ஒன்று இன்னும் சுவையானது. இங்கே மெர்க்குரி லாபம் தருகிறார், அப்போலோ ஆரோக்கியம் தருகிறார், செப்டுமானுஸ் தங்க இடமும் சாப்பாடும் தருகிறார் என்று போகிறது அந்த விளம்பரம். இரண்டு கடவுளுக்கு அடுத்த இடத்தில் தன் பெயரைக் கூசாமல் போட்டுக்கொண்ட விடுதிக்காரர்! என் அனுபவத்தில் முதலாளிகள் அன்றும் இன்றும் மாறவில்லை.

விருந்தினரும் மாறவில்லை. பாம்பேய்ச் சுவர்க் கிறுக்கல் ஒன்றின் சாரம் இது: விடுதிக்காரரே, படுக்கையை நனைத்துவிட்டோம், தப்புதான், ஏன் என்று கேட்டால் அறையில் சட்டி வைக்கவில்லை. வாடிக்கையாளர் புகாரை எப்படிக் கையாள்வது என்று உங்கள் ஆசிரியர் பாடம் எடுக்கும் நாளில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கே: நானும் தம்பியும் சேர்ந்து லண்டனில் ஒரு பழைய வீட்டைச் சிறு ஹோட்டலாக மாற்றுகிறோம். அறைக்கு ஒரு கிரேக்கக் கதை என்று ஓவியம் வரைந்து, கட்டிலுக்கு மேலே மாட்டத் திட்டம். ஓவியர் கொடுத்த பட்டியல்: லீடாவும் அன்னமும், யூரோப்பாவும் காளையும், பெர்செபனி, கனிமீட், நாக்சோஸ் தீவில் அரியாட்னி. உங்கள் கருத்து? – யாழ்ப்பாணத்து வாசகர், லண்டன்

ப: ஓவியர் நல்ல கைகாரராக இருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். லீடாவிடம் ஜீயஸ் அன்னமாக வேடமிட்டு வருகிறார். யூரோப்பாவைக் காளையாக வந்து முதுகில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கிவிடுகிறார். பெர்செபனியைப் பாதாள ராஜா தேரில் தூக்கிப் போகிறார். கனிமீட் ஒரு சிறுவன், அவனைக் கழுகு கவ்விக்கொண்டு போகிறது. ஓர் அறையில் ஏமாற்று, மூன்று அறையில் ஆள் கடத்தல்! ஐந்தாவது அறையில் அரியாட்னி தூங்குகிறாள், காதலன் தீசியஸ் அவளை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறான். தேனிலவுக்கு வந்த பெண் கண் விழித்ததும் பார்க்க வேண்டிய படமா அது?

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ரோமானியர்கள் இதையெல்லாம் மாட்டத்தான் செய்தார்கள். 2018-ல் பாம்பேயில் ஒரு வீட்டைத் தோண்டியபோது படுக்கையறைச் சுவரில் கிடைத்தது லீடாவும் அன்னமும்தான், நிறம்கூட மங்காமல். அரியாட்னி ஓவியம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு. ஆனால் அவர்கள் தங்கள் சொந்த வீட்டில் மாட்டினார்கள், கதை தெரிந்த விருந்தாளிக்குக் காட்டினார்கள். உங்கள் ஹோட்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு விமானத்திலிருந்து களைத்து வந்து இறங்குகிறவருக்கு அந்தக் கதைக்கும் அவருக்கும் என்ன உறவு? அவருக்குத் தூக்கம் வேண்டும். ஓர் அறை என்ன வேலைக்கு இருக்கிறதோ, அதன் சுவரில் இருக்கும் கதையும் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்காமல் சுவரில் சும்மா நிற்க எந்தக் கடவுளையும் நான் விடமாட்டேன்.

தூக்கத்துக்கென்றே ஹிப்னோஸ் இருக்கிறார். நெற்றிப்பொட்டில் சிறகு முளைத்த இளைஞர். பிரிட்டிஷ் மியூசியத்தில் அவருடைய வெண்கலத் தலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்தான், ஓவியரையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நிலா தேவி செலீனி தேடி வந்து பார்க்கும் எண்டிமியோன் இருக்கிறான். என்றென்றும் தூங்க வரம் வாங்கியவன், ஹோட்டல் அறைக்கு இவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? கணவன் மனைவிக்கான பெரிய அறை என்றால் ஒடிசியஸ், பெனெலபி கட்டில். இருபது வருஷம் கழித்து வீடு திரும்பியவன் உண்மையிலேயே தன் புருஷன்தானா என்று சோதிக்க, கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறாள் பெனெலபி. அவனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. வேரோடு நிற்கும் ஆலிவ் மரத்தையே கால் ஆக்கி நான் செய்த கட்டிலை எவன் நகர்த்த முடியும் என்று கத்துகிறான். அதில் அவளுக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. கட்டிலை வைத்து இவ்வளவு நல்ல கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. (கட்டிலை நகர்த்தாமல் அடியில் எப்படிப் பெருக்குவது என்று பெனெலபியின் வேலைக்காரிகள் என்ன பாடு பட்டார்களோ.)

ஒரே ஒரு பெயரை மட்டும் கதவில் எழுதிவிடாதீர்கள்: ப்ரோக்ரஸ்டிஸ். ஏதென்ஸ் போகும் வழியில் விடுதி மாதிரி வீடு வைத்திருந்தவன். வழிப்போக்கனைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பான். கட்டிலைவிட ஆள் நீளமானால் காலை வெட்டுவான், குட்டையானால் இழுத்து நீட்டுவான். தீசியஸ் அவனை அவன் கட்டிலிலேயே படுக்கவைத்துக் கணக்கை முடித்தான். இதை நான் சொல்லக் காரணம், பழைய லண்டன் வீடுகளின் மேல்மாடி அறைகள் எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியும். ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கிற கட்டில் போட முடியாவிட்டால் அந்த அறைக்கு ஓவியம் எதுவும் வேண்டாம், ஸ்டோர் ரூமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பாத்ரூமுக்கு? – அவரே

ப: நெப்டியூனைப் போடுவார்கள் எல்லாரும். ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்டியாவில் ரோமானியக் குளியல் மண்டபம் ஒன்றின் தரை முழுக்க அவர் கடல்குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிறார், கறுப்பு வெள்ளை மொசைக்கில். அழகுதான். நான் டயானாவையும் ஆக்டியோனையும் சொல்வேன், ஆனால் பாத்ரூம் உள்ளே வேண்டாம், ஊழியர்கள் மட்டும் நடமாடும் தாழ்வாரத்தில். காட்டில் வேட்டைத் தேவதை டயானா குளித்துக்கொண்டிருக்கும்போது வழி தவறி வந்து பார்த்துவிட்டான் ஆக்டியோன். அவனை மானாக்கிவிட்டாள், அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடித்துக் குதறின. கதவைத் தட்டாமல் அறைக்குள் போகாதே என்று புதுப் பையன்களுக்கு எத்தனை முறைதான் வாயால் சொல்வது?

கண்ணாடிக்குப் பக்கத்தில் நார்சிஸஸ். பாம்பேயில் ஒரு வீட்டில் தோட்டத்து வாய்க்கால் தண்ணீர் ஓரமாகவே, தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிய அவனை வரைந்து வைத்திருக்கிறார்கள். படமும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில். வரைந்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கே: இப்படிப்பட்ட ஹோட்டலில் எல்லாமே வெள்ளை வெளேர் என்று இருக்கிறதே. வெள்ளைச் சிலை, வெள்ளைத் தூண், வெள்ளைச் சுவர். ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி தோன்றியது. ரசனை இல்லாதது என் குற்றமா? – வாசகி, பினாங்கு

ப: உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் சிலைக்கு வண்ணம் பூசியவர்கள். உதடு, கண், முடி, உடையின் கரை எல்லாவற்றுக்கும் நிறம். மண்ணுக்குள் கிடந்ததில் பெரும்பாலும் உதிர்ந்தது. தோண்டி எடுத்த பிறகு சுத்தம் செய்கிறேன் என்று கழுவியதிலும் சுரண்டியதிலும் மிச்சமும் போயிற்று. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை 1930-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வெள்ளையாக்குவதற்காகச் செப்புக் கருவியால் தேய்த்தது பெரிய அவமானமாக முடிந்தது. ஜெர்மனியின் வின்ட்சென்ஸ் பிரிங்க்மன், சிலைகளில் ஒட்டியிருந்த நிறத் துகளை ஆராய்ந்து, பழைய வண்ணத்தோடு நகல் செய்து 2003-ல் மியூனிக்கில் காட்டினார். பார்த்தவர்களில் பலருக்கு அதிர்ச்சி. மஞ்சளும் நீலமும் சிவப்புமாக, கட்டம் போட்ட கால்சட்டையோடு வில் பிடித்துக் குந்தியிருக்கும் வீரன்! கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

வெள்ளைச் சிலையில் தொழில் சிக்கலும் உண்டு. ஏதென்ஸில் நான் வேலை பார்த்த இடத்தில் மாடிப்படி நெடுகப் பிளாஸ்டர் தலைகள். அதை ஈரத் துணியால் துடைக்கக்கூடாது, கறை இறங்கிவிடும்; பெயின்ட் பிரஷ் வைத்துத்தான் தூசி தட்ட வேண்டும், சுருள் முடிக்குள் ஒவ்வொரு சுருளாக. பெட்டி இடித்து முதலில் போவது மூக்கு. மூக்கில்லாத சிலைதான் உண்மையான பழசு மாதிரி இருக்கிறது என்று விருந்தினர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சுவர் விஷயத்தில் ரோமானியர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பாம்பேயில் 2024 ஏப்ரலில் அறிவித்த விருந்து மண்டபம் ஒன்றின் சுவர் முழுக்கக் கறுப்பு. அதன்மேல் பாரிஸும் ஹெலனும் முதன்முதல் சந்திப்பது, கசாண்ட்ராவும் அப்போலோவும் என்று ட்ராய் கதைகள். கறுப்பு ஏன்? ராத்திரி விருந்தில் எண்ணெய் விளக்குப் புகை சுவரில் படிந்தால் தெரியக்கூடாது என்பதற்காக இருக்கலாம் என்று அந்த அகழ்விடத்தின் இயக்குநர் விளக்கம் சொன்னார். படித்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். அந்த வீட்டுக்காரர் நிச்சயம் துடைக்கிறவர்களைக் கலந்து பேசியிருப்பார்.

கே: சாப்பாட்டு அறையில் பாக்கஸ் படம் இல்லாத ஹோட்டலே இல்லை. வேறு எதுவும் கிடைக்காதா? – வாசகர், சிங்கப்பூர்

ப: ஏன் கிடைக்காது! திராட்சைக் கொத்தோடு நிற்கும் அந்தக் குண்டு மதுக் கடவுளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது.

காலை உணவு அறை என்றால் என் ஓட்டு பாவ்கிஸ், பிலேமோன் என்ற கிழத் தம்பதிக்கு. ஜூபிடரும் மெர்க்குரியும் மனிதர் வேடத்தில் வந்து ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், ஒருவரும் திறக்கவில்லை. இந்த ஏழைக் குடிசைதான் திறந்தது. ஓவிட் இந்த இடத்தில் கவிஞராக இல்லை, சமையலறையில் நிற்கும் ஆளாக எழுதுகிறார். மேஜையின் மூன்று காலில் ஒன்று குட்டை. கிழவி ஓட்டுச்சில்லு ஒன்றை அடியில் செருகி ஆட்டத்தை நிறுத்துகிறாள், பிறகு புதினா இலையால் மேஜையைத் துடைக்கிறாள். முட்டைக்கோசு, புகைபோட்ட பன்றி இறைச்சி, ஆலிவ், சாம்பலில் சுட்ட முட்டை, அத்திப்பழம், பேரீச்சை, தேனடை. இருக்கிற ஒரே வாத்தையும் அடித்துப் போடலாம் என்று இருவரும் துரத்துகிறார்கள். அது இவர்களிடம் அகப்படாமல் ஓடி நேரே கடவுளின் காலடியில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. ஆடுகிற மேஜைக்கு அட்டையை மடித்துச் செருகிய அனுபவமுள்ள எவருக்கும் இந்தக் கதை நெருக்கமானது.

நடைமுறைக்கு ஏற்ற இன்னொரு யோசனை. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் தன் கட்டடக்கலை நூலின் ஆறாம் பகுதியில் கிரேக்கர் வீட்டு விருந்தோம்பலைச் சொல்கிறார். வந்த முதல் நாள் தங்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு. மறுநாளிலிருந்து விருந்தினருக்கென்று ஒதுக்கிய பகுதிக்குக் கோழி, முட்டை, காய்கறி, பழம் எல்லாம் அனுப்பிவைப்பார்கள், அவர்கள் விருப்பப்படி வாழட்டும் என்று. அந்தச் சீர்வரிசையையே ஓவியர்கள் சுவரில் வரைய ஆரம்பித்தார்கள். பாம்பேய்ச் சுவரில் நாம் பார்க்கும் கண்ணாடிக் கிண்ணத்துப் பழம், தட்டில் முட்டை, தொங்கும் பறவை எல்லாம் அந்த வழக்கத்தில் வந்தவைதான். இன்றைக்கு அறையில் வைக்கும் பழக்கூடைக்கு மேலே அதில் ஒன்றை மாட்டினால் போதும், கடவுளே வேண்டியதில்லை.

கொஞ்சம் கடுமையானது வேண்டுமென்றால் பாம்பேயில் 'வெட்டியினர் வீடு' என்று பெயர் பெற்ற வீட்டைப் பாருங்கள். 2023 ஜனவரியில் பழுதுபார்த்துத் திறந்தார்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுப் பணக்காரரான இருவரின் வீடு. அதன் ஓர் அறையில் இக்ஸியோன் சக்கரத்தில் கட்டுண்டு கிடக்கிறான். ஜீயஸ் அவனைத் தன் மேஜைக்கு விருந்தாளியாக அழைத்தார், அவன் அவர் மனைவி மேலேயே கண் வைத்தான், அதற்குத்தான் அந்தச் சக்கரம். கிரேக்கர்களுக்கு விருந்தினரைக் காப்பவரும் ஜீயஸ்தான், விருந்தினர் எல்லை மீறினால் தண்டிப்பவரும் ஜீயஸ்தான். சாப்பிட வந்தவரை அந்தப் படத்துக்கு எதிரே உட்கார வைத்த தைரியத்தை நான் மெச்சுகிறேன். அதே வீட்டில் வேறோர் அறையில் சிறகு முளைத்த குட்டிக் க்யூபிடுகள் நகை செய்கின்றன, வாசனைத் தைலம் காய்ச்சுகின்றன, மது விற்கின்றன. வேலை செய்கிறவர்களைச் சுவரில் ஏற்றிய அந்த அறைதான் எனக்குப் பிடித்தது.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்டிகன் அருங்காட்சியகத்தில் ஒரு மொசைக் இருக்கிறது: விருந்து முடிந்த தரை. மீன் முள், கோழிக் கால், ஓடு, எலும்பு, ஒரு கொட்டையைக் கொறிக்கும் எலி, நிழலோடு சேர்த்து. பெர்கமோன் என்ற பழைய கிரேக்க நகரில் சோசுஸ் என்ற கலைஞர் தொடங்கிவைத்த பாணி. இதைப் பார்த்து மயங்கி உங்கள் ஹோட்டலில் போட்டுவிடாதீர்கள். எது படம், எது நிஜக் குப்பை என்று தெரியாமல் காலை ஷிப்டுப் பெண்கள் அழுதுவிடுவார்கள்.

கே: அந்தக் காலத்து வீடுகளில் நம் நாட்டுப் பொருள் எதுவும் இருந்ததா? – ஆசிரியர், ராமநாதபுரம்

ப: இருந்தது. பாம்பேயில் 1938-ல் கிடைத்த தந்தச் சிற்பம், ஒரு சாண் உயரப் பெண் உருவம், கழுத்திலும் காலிலும் நகை. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அலமாரியில் இருந்ததைவிட அடுப்பங்கரையில் இருந்தது அதிகம்: நம் மேற்குக் கரையிலிருந்து போன மிளகு. ரோம் நகரின் மையத்தில் அதற்கென்றே பண்டகசாலை வைத்திருந்தார்கள்.

கே: ரோமுக்குப் போகிறோம். இப்படிப்பட்ட ஹோட்டலில் தங்க எங்கள் பட்ஜெட் இடம் தராது. எதை இழக்கிறோம்? – புதுமணத் தம்பதி, மதுரை

ப: குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை அங்கி, அவ்வளவுதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சுத்தமான படுக்கை கொண்ட ஏதாவது ஒரு விடுதியில் தங்குங்கள். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகம். 1879-ல் டைபர் ஆற்றங்கரையைக் கட்டும்போது மண்ணுக்கடியில் அகப்பட்ட பணக்கார வீட்டின் படுக்கையறைகளை, சுவர் ஓவியங்களோடு அப்படியே எடுத்துவந்து அறை அறையாக நிறுத்தியிருக்கிறார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் தோட்ட அறையும் அங்கேதான்: நாலு சுவரிலும் மாதுளை, சீமைமாதுளை, பறவைகள், ஒரு கடவுள்கூட இல்லை. நடுவில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழ மனம் வராது.

வெளியே வந்தால் பக்கத்துச் சதுக்கத்தில் நீர்ப் பெண்களின் நீரூற்று. 1901-ல் திறந்தபோது அந்தப் பெண்கள் உடுத்தியிருந்தது போதாது என்று ஊரே சண்டை போட்டது. பார்பெரினி சதுக்கத்தில் சிற்பி பெர்னினி செய்த கடல் தேவன் ட்ரைட்டன் சங்கு ஊதிக்கொண்டிருப்பார். ட்ரெவி நீரூற்றில் நடுவில் நிற்பவரை வழிகாட்டிகள் பாதிப் பேர் நெப்டியூன் என்பார்கள், அவர் ஓசியானஸ். திருத்தப் போகாதீர்கள், அவர்கள் பிழைப்பு. 

கே: கடைசியாக, உங்களுக்கு ஓர் அறை இலவசமாகக் கொடுத்தால் எந்தக் கடவுளின் அறையைக் கேட்பீர்கள்? – வாசகி, சென்னை

ப: ஹெஸ்டியா. அடுப்புக்கும் வீட்டுக்கும் தேவதை. யாரையும் கடத்தவில்லை, யாரையும் சபிக்கவில்லை, கல்யாணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டவள். கதை இல்லாததால் ஓவியர்கள் அவளை வரைவதில்லை, ஆகவே அறையில் தூசி தட்டவும் ஒன்றும் இருக்காது. லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், கட்டிலில் படுத்தபடியே எல்லா விளக்கையும் அணைக்கும் ஸ்விட்ச் வேண்டும், காலையில் ஏழு மணிக்கு முன்னால் யாரும் கதவைத் தட்டக்கூடாது.